கேக் துண்டும் செல்வம் அண்ணே ஸ்கேன் படமும்

செல்வம் அண்ணே போய்ட்டாரு. காலையில எட்டரைக்கு அண்ணி போன் பண்ணி சொன்னாங்க… எனக்கு கையில இருந்த தோசைக்கரண்டி கீழ விழுந்துடுச்சு.

ஜொகூர் குளுவாங்ல நாங்க வேலை செய்யிற நாற்காலி பேக்டரியில பதினாலு வருஷம் போர்க்லிப்ட் ஓட்டினவரு. நான் பேக்கிங். தினமும் என்கிட்ட வாங்கிக் கட்டிக்கலன்னா அவருக்கு சோறு இறங்காது.

அழுதுட்டுத்தான் போன எடுத்தேன். பார்த்தா எங்க சூப்பர்வைசர் தம்பி எனக்கு முன்னாடியே பேஸ்புக்ல பதிவு போட்டுட்டாரு. "My brother, RIP." கூடவே ஒரு படம். செல்வம் அண்ணே கையில கேக் தட்டு.

அலமாக், அட கடவுளே… தம்பி, வேற படமே கிடைக்கலையா?

அந்தப் படத்த எடுத்தது நான்தான். அதனால நானே சொல்லிடுறேன்.

அண்ணேக்கு ரொம்ப நாளா மூச்சு வாங்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும். எம்சி, அதான் மெடிக்கல் லீவு, எடுத்தா தம்பி அவருக்கு "எம்சி ராஜா"ன்னு பேரு வச்சாரு. நடிப்பாம்.

டாக்டருக்கு சந்தேகம், இதயத்துச் சதை உள்ளுக்குள்ள வீங்கி இருக்குமோன்னு. ஜொகூர் பாரு ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு. ரெண்டு விதமான படம் எடுத்து, ஒன்னு மேல ஒன்னு வச்சுப் பார்ப்பாங்களாம். ஒன்னு இதயத்தோட உருவம், இன்னொன்னு எங்க வீக்கம்னு காட்டுற வெளிச்சம்.

அதுக்கு முதல் நாள் சோறு, ரொட்டி, சீனி எதுவும் தொடக்கூடாது. முட்டை, கறி, கொழுப்பு மட்டும். ஊசியில சீனி மாதிரி ஒரு மருந்து ஏத்துவாங்க. சீனி குடுக்காம பட்டினி போட்ட நல்ல சதை அத சீண்டாது, வீங்கின இடம் மட்டும் இழுத்துக்கிட்டு வெளிச்சம் போடும். இத அண்ணே எனக்கு நாலு தடவ பாடம் எடுத்தாரு. நான் படிச்ச ஆறாம் வகுப்புக்கு அவ்வளவுதான் ஏறிச்சு.

அன்னைக்கு லீவு கேட்டாரு. "ஸ்கேன் நாளைக்குத்தானே, இன்னைக்கு என்ன?"ன்னு தம்பி குடுக்கல.

நான் ஆறு முட்டை ஆம்லெட் கொண்டு போனேன். "என்னண்ணே, மாப்பிள்ளை விருந்தா?"ன்னேன். "நீ குடுக்கிற முட்டைக்கு கோழியே என்மேல கேஸ் போடும் லா"ன்னாரு.

மத்தியானம் மூனு மணி. தம்பிக்கு பதவி உயர்வு, கேக் வெட்டினாரு. அண்ணே வேணாம்னாரு, காரணமும் சொன்னாரு. எல்லாரும் பார்க்க தம்பி தட்ட நீட்டிக்கிட்டு நின்னாரு.

"ஒரு துண்டு சாப்பிட்டா செத்தா போயிடுவீங்க?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்… சிரிச்சுக்கிட்டே படம் எடுத்தேன். அண்ணே கூச்சப்பட்டு சாப்பிட்டுட்டாரு.

மறுநாள் ஸ்கேன்ல இதயம் முழுக்க பளிச்சுன்னு எரியுதாம். எது நல்ல இடம், எது வீங்கின இடம்னு பிரிக்க முடியல. நர்ஸ் கேட்டதும் கேக் கதையச் சொல்லிட்டாரு மனுசன். ஏச்சு வாங்கிட்டு வந்தாரு. அடுத்த தேதி ஆறு வாரம் கழிச்சு.

அந்த ஆறு வாரமும் தம்பி என்ன சொன்னாரு தெரியுமா? "ஸ்கேன்லயே ஒன்னும் தெரியல, பார்த்தீங்களா?" நாற்காலி தூக்கி லாரியில ஏத்துற லோடிங்ல வேற போட்டாரு.

ரெண்டாவது ஸ்கேன் தெளிவா வந்துச்சு. கறுப்புல ஆரஞ்சு கலர்ல ரெண்டு பொட்டு, அதான் வீங்கின இடம். அண்ணே அத கலர் பிரிண்ட் போட்டு கொண்டாந்தாரு. "பாரு, எம்சி ராஜாவுக்கு உள்ளுக்குள்ளயே லைட் போட்டிருக்காங்க!"

தம்பிகிட்டயும் நீட்டினாரு. திரும்பிக்கூட பார்க்கல. "நான் என்ன டாக்டரா?"

அண்ணே என்கிட்ட வந்து சொன்னது இதுதான்: "பணம் காசு வேணாம் தங்கச்சி. இந்த ஆளு பொய் சொல்லலன்னு அவன் வாயால ஒரு தடவ சொல்லணும்."

வீக்கத்துக்கு மாத்திரை போட்டு முகமெல்லாம் பூரியா உப்பிப் போச்சு. "அழகாயிட்டீங்கண்ணே"ன்னு கிண்டல் பண்ணேன். அப்பவும் தினம் கேட்டாரு, "அவன் ஏதாச்சும் சொன்னானா?"

கேக்னாலதான் போய்ட்டாருன்னு டாக்டர் சொல்லல. நானும் சொல்லல. ஆறு வாரத்த மட்டும் சொல்றேன்.

தம்பி, நாளைக்கு பதினோரு மணிக்கு எடுக்கிறாங்க. நீங்க அவசியம் வரணும். முன் வரிசையில உங்களுக்கு நாற்காலி போடுறேன், நம்ம பேக்டரி நாற்காலிதான். மாலை வேணாம். அண்ணே தலைமாட்டுல அந்த ஸ்கேன் படத்த வைக்கிறேன், அண்ணி சரின்னுட்டாங்க. அத நல்லாப் பார்த்துட்டு, எல்லார் முன்னாலயும் அந்த ஒரு வார்த்தைய அவருகிட்ட சொல்லுங்க.

வாய் வரலன்னா பரவால்ல. நான் கேக் வாங்கி வச்சிருக்கேன், அதே கடை. என் கையால தட்ட நீட்டுறேன். ஒரு துண்டு சாப்பிட்டா செத்தா போயிடுவீங்க?

போய்ட்டு வாங்கண்ணே. உங்க ஸ்கேன் படம் என் பையில பத்திரமா இருக்கு.