பச்சைக் கோடு

தையல் கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டும் அவருக்குப் பிறவியிலேயே இடது இமை பாதி இறங்கியிருக்கும். கூட வேலை செய்கிறவர்கள் அரைக்கண்ணன் என்பார்கள். "கல்யாண போட்டோவிலேயே தூங்கின மனுஷன்" என்று மனைவி கேலி செய்வாள். அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியிருந்தார்.

ஸ்டியரிங்குக்கு மேலே கேமரா வந்தது, வினையும் வந்தது. ஓட்டுகிறவர் கண் அசந்தாலோ, சாலையை விட்டு வேறெங்கோ பார்த்தாலோ அது பெண் குரலில் கத்தும். பக்கத்தில் ஒரு சின்னத் திரை. ஒழுங்காக ஓட்டினால் அதில் பச்சைக் கோடு ஏறும், கத்தக் கத்த இறங்கும். சிவப்பைத் தொட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவருடைய இமை அதற்குத் தூக்கமாகவே பட்டது.

"கவனம்! கண்களைத் திறக்கவும்!"

"என்னண்ணே, அண்ணி வண்டியிலயும் ஏறிட்டாங்களா?" என்றாள் பின்சீட்டுத் தையல்காரப் பெண். வேனே சிரித்தது.

"அவளாவது நடுவுல மூச்சு விடுவா, தங்கச்சி."

மேலாளரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தார். "கொஞ்சம் முழிச்சுத்தான் பாருங்களேன்" என்று முடித்துவிட்டார் அவர்.

அன்றிலிருந்து புருவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓட்டினார். சாயங்காலத்துக்குள் நெற்றி விண்ணென்று தெறிக்கும், கண்ணில் நீர் வடியும். வீட்டுக்கு வந்த பிறகும் புருவம் இறங்காது. "யாரைப் பார்த்து இப்படி ஆச்சரியப்படுறீங்க?" என்பாள் மனைவி.

கூடவே இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. கேமரா கத்துவதற்குள் திரையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவது. எவ்வளவு நேரம் பொறுக்கும் என்று அவருக்கு அத்துப்படி.

ஒரு மழைநாள் காலை. கோடு சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. பார்த்தார், சற்று ஏறியிருந்தது. மறுபடி பார்த்தார், இன்னும் ஏறியிருந்தது. நிமிர்ந்தபோது வண்டிக்கு முன்னால் குடையோடு ஒரு பெண்.

பிரேக். சாப்பாட்டு டப்பாக்கள் உருண்டன. குடைக்கம்பி வண்டியின் முகப்பில் உரசியது. அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்தபடி நின்றாள். பிறகு குடையைச் சரிசெய்துகொண்டு நடந்து போய்விட்டாள்.

கேமரா வாயே திறக்கவில்லை. கோடு பச்சையாகவே இருந்தது.

"விடுங்கண்ணே, ஒண்ணும் ஆகல. நாங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்" என்றாள் தையல்காரப் பெண்.

அவரே போய்ச் சொன்னார். மேலாளர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இன்னிக்கு உங்க மேல ஒண்ணுமே பதிவாகலையே. இப்பத்தான் நல்லா ஓட்டுறீங்க."

"நான் ரோட்டையே பார்க்கல சார். அந்தத் திரையைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

"இதை வெளியில சொல்லிட்டுத் திரியாதீங்க."

சாயங்காலம் கைக்குட்டையை எடுத்துத் திரையை மூடிக் கட்டினார். புருவத்தைத் தளர்த்தினார். இமை தன் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. வண்டி நகர்ந்ததும் கத்தல் ஆரம்பித்தது.

"அண்ணே, வேலை போயிடும்ணே!"

"போறதா இருந்தா போகட்டும்மா. முதல்ல உங்களை எல்லாம் வீட்ல விட்டுடறேன்."

குரல் விடாமல் கத்திக்கொண்டே வந்தது. முன்னால் போன சைக்கிள்காரர் திரும்பலாமா என்று யோசிக்கும்போதே இவர் கால் பிரேக்குக்குப் போயிருந்தது.