துணிக்கை போன தூரம்

மகள் குசினி மேசையில் போனைச் சாத்திவைத்துச் சூம் வகுப்பில் இருந்தாள். நான் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன்.

"முதல்லை வேகம் பூச்சியமாகிற இடத்தைப் பாருங்கோ பிள்ளையள். அங்கைதான் துணிக்கை திரும்புது. அதிலை பிரிக்காட்டித் தூரம் பிழைக்கும்," என்றது போன்.

முகத்தைப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. வதனியின் குரல். தேங்காயோடு விரலையும் திருவிக்கொண்டேன்.

வதனி ஸ்கந்தபுரத்தில் என்னோடு உயர்தரம் படித்தவள். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியில் எப்போதும் தேங்காய்ப்பூ கூடின புட்டு, பாதி எனக்கு. அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்லமாட்டேன். கணித ரியூசனுக்கு அக்கராயன்வரை சேர்ந்துதான் சைக்கிள் உழக்குவோம். கம்பஸ் என்கிற பல்கலைக்கழகத்துக்கு மாவட்டப்படி ஆள் எடுப்பார்கள். எங்கள் மாவட்டத்துக்குக் கிடைப்பது கொஞ்ச இடம். இரண்டு பேரும் அதற்குத்தான் படித்தோம்.

சோதனை நெருங்கியபோது எனக்குக் காய்ச்சல். ஓடும் துகளின், அதாவது துணிக்கையின், வேகத்தைத் தொகையிட்டுத் தூரம் காண்பதை ரியூசன் சேர் படிப்பித்த கிழமை நான் பாயில் கிடந்தேன். எழும்பியதும் ரியூட்டரி வாசல் ஜாம் மரத்தடியில் வதனியிடம்தான் கேட்டேன்.

"துணிக்கை போய்த் திரும்பி வந்தா என்னடி செய்யிறது?"

"ஒண்டும் செய்யாதை. தொடக்கத்திலையிருந்து முடிவுமட்டும் ஒரேயடியாத் தொகையிடு. வாறதுதான் தூரம்."

சோதனையில் அதே கணக்கு வந்தது. துணிக்கை போய்த் திரும்பி, தொடங்கிய இடத்திலேயே நின்றது. உங்களுக்குச் சொன்னால் சிரிப்பீர்கள். அக்கராயனுக்கு உழக்கிப்போய் உழக்கிவந்து தொடை நோகப் படுக்கிற நான், துணிக்கை போன தூரம் பூச்சியம் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன்.

வெளியே வந்ததும் வதனி சொன்னாள்: "நான் திரும்பிற இடத்திலை பிரிச்சு ரண்டு துண்டையும் கூட்டினனான். லேசுதானே."

"எனக்கு அப்பிடிச் சொல்லேல்லையே?"

அவள் சைக்கிள் பூட்டைத் திறந்தபடி, "எங்கடை மாவட்டத்துக்கு எத்தினை இடமெண்டு உனக்குத் தெரியும்தானே," என்றாள்.

அவளுக்குக் கம்பஸ் கிடைத்தது, எனக்கு இல்லை. அந்த ஒரு கணக்கால்தான் என்று சத்தியம் பண்ணமாட்டேன். இரசாயனத்திலும் நான் பெரிய புலி இல்லை. சொல்லித்தர மாட்டேன் என்றிருந்தால் இரண்டு நாளில் மறந்திருப்பேன். பிழையை அல்லவா சிரித்த முகத்தோடு விளங்கப்படுத்தினாள். இன்றைக்கும் ஆறவில்லை.

வகுப்பு முடிந்தது. "அம்மா, இந்த மிஸ் எங்கடை பக்கமாம். உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது," என்றேன்.

மகள் செய்த கணக்கை வாங்கி, முதலிலிருந்து நானும் ஒரு தடவை செய்து பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. முகம் தெரியாத பிள்ளைகளுக்கு வதனி நன்றாகவே சொல்லிக் கொடுக்கிறாள்.

ரியூட்டரி இருந்த இடத்தில் இப்போது சீமெந்துக் கடை. ஜாம் மரமும் இல்லை. அவை போகட்டும். மாங்குளத்தில் பஸ் எத்தனை மணிக்கு என்று அறியக்கூட நான் இப்போது இரண்டு பேரிடம் கேட்கிறேன். ஒருத்தியிடம் மட்டும் கேட்டுவிட்டு நிம்மதியாக நித்திரை கொண்ட காலமும் எனக்கு இருந்தது.