படத்தில் இல்லாத ராகு காலம்

பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு தாணுலிங்கம் முதலில் ஒரு வட்டம் போடுவார். பழைய எடைச்சீட்டின் பின்பக்கம்தான் அவருக்குத் தாள். வட்டத்துக்குள் நடந்த கோளாறை எழுதுவார். அதற்கு முன்னால் நடந்தது என்ன, அதற்கும் முன்னால் என்ன என்று வட்டங்களை அம்புக்குறிகளால் கோத்துக்கொண்டே போவார். "ஆளைப் பாக்காதலே. ஏன் இப்படி நடக்குன்னு பாரு. ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டுல்லா கெடக்கு." தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் ஒரு கன்டெய்னர் கிடங்கின் மேலாளர் அவர். அங்கே அவருக்கு 'வட்டம் சார்' என்று பெயர்.

வீட்டிலும் விடமாட்டார். தயிர் இரண்டு நாள் தொடர்ந்து புளித்ததற்கு, பால்காரர் வரும் நேரத்திலிருந்து மின்வெட்டு வரை நான்கு வட்டம் போட்டார். "எடுத்து ஃப்ரிட்ஜுல வைக்க மறந்துட்டேன். இதுக்கு ஒரு படமா?" என்றாள் மனைவி உமாராணி.

சிரிக்கலாம். ஆனால் அந்த வட்டத்தால் பிழைத்தவர்களும் உண்டு. போர்க்லிப்ட் ஓட்டும் செந்தில்முருகன் இரண்டு முறை சரக்கைச் சரித்தபோது முதலாளி அவனை அனுப்பிவிட இருந்தார். இரண்டு முறையும் அவன் பதினான்கு மணி நேரம் இறங்காமல் ஓட்டியிருந்ததை வரைந்து காட்டி வேலையைக் காப்பாற்றினார் தாணுலிங்கம். அன்றிலிருந்து யார் மாட்டினாலும் "வட்டம் சார் இருக்காருல்லா" என்று தைரியமாக இருப்பார்கள்.

எடைமேடையில் சீட்டுப் போடும் தேவகனியும் அப்படித்தான் இருந்தாள். ஐந்து வருடமாக ஒப்பந்த வேலை. கணவன் இல்லை, படிக்கிற பெண்கள் இரண்டு பேர். போன வெள்ளிக்கிழமை தென்னைநார்க் கட்டி ஏற்றிய எட்டு லாரிகள் எடை போட முடியாமல் வாசலிலேயே நின்று கப்பலைத் தவறவிட்டன. பழி அவள் தலையில் விழுந்தது. "நீங்க வட்டம் போட்டுப் பாருங்க சார். எம்மேல தப்புன்னா நானே போயிருதேன்" என்றாள்.

போட்டுப் பார்த்தார். லாரிகள் நின்றது, எடைமேடை பன்னிரண்டரை முதல் ஒன்றரை வரை மூடியிருந்ததால். மூடியது, எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும் என்ற விதியால். முன்பெல்லாம் மாற்றி மாற்றிச் சாப்பிட்டவர்கள்தான்; அதில் எப்போதும் ஏதாவது ஓரிடத்தில் ஆளில்லாமல் வேலை நின்றது. விதி தாணுலிங்கம் கொண்டுவந்தது. அதற்கான படத்தை முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் அறையில் மாட்டியிருக்கிறார். மேலாளர் பதவியே அதற்காகக் கிடைத்ததுதான்.

அந்தப் படத்தில் ராகு காலம் இல்லை. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இங்கே எந்த வியாபாரி சரக்கு வண்டியைக் கிளப்புவான்? எல்லாம் பன்னிரண்டுக்கு மேல் கிளம்பி ஒன்றாக வந்து நிற்கும். மற்ற வாரங்களில் கப்பல் சாயங்காலம் என்பதால் ஓடிவிட்டது. அன்று துறைமுகத்தில் இரண்டு மணிக்கே சரக்கு வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ராகு காலத்தில் புதுப் பேனாவைக்கூடத் திறக்காத மனுஷனுக்கு, அதையும் ஒரு வட்டத்துக்குள் வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

இன்னொன்றும் அவருக்கு நினைவு வந்தது. அன்று பன்னிரண்டரைக்கு தேவகனி போன் செய்திருந்தாள். "லாரி வரிசையா நிக்கு சார். நான் சாப்பிடாம இருந்து போட்டுறட்டா?" "நம்மளே விதிய மீறுனா எப்படிம்மா" என்று வைத்துவிட்டார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தாணுலிங்கத்துக்கு நன்றாகவே தெரிந்தது.

தன் பெயர் வரவேண்டிய கடைசி வட்டத்தை மட்டும் போடாமல் படத்தை முதலாளியிடம் கொண்டுபோனார். அவர் வாங்கவே இல்லை. "படம் வேண்டாம்வே. சரக்குக்காரன்ட்ட காட்ட ஒரு பேரு வேணும்." ஒரு பெயர்தான் கேட்டார். யாருடைய பெயர் என்று சொல்லவில்லை. பெயரை எழுதியது தாணுலிங்கம்தான்.

இன்று வெள்ளிக்கிழமை. அறிக்கையில் 'பொறுப்பானவர்' என்ற இடத்தில் தேவகனியின் பெயர் அச்சாகி மேசைமேல் இருக்கிறது. அவர் கையெழுத்து மட்டும் பாக்கி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் காலையிலேயே கிளம்பி வந்த ஒரு லாரிக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு, இவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். தாணுலிங்கம் சுவரிலிருக்கும் நாள்காட்டியைப் பார்க்கிறார். கடிகாரத்தைப் பார்க்கிறார். பன்னிரண்டு ஆக இன்னும் ஏழு நிமிடம். பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ராகு காலம் கழியட்டும் என்று காத்திருக்கிறார்.