கடிகாரத்தைக் கழற்றிய நேரம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதத்துச் சாரலில், குற்றாலத்துக்கும் இலஞ்சிக்கும் நடுவே ஓர் ஓடைக்கரையில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தென்காசியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பழைய குரோனோகிராஃப் கைக்கடிகாரங்கள் சேர்ப்பதில் எனக்கு ஒரு பைத்தியம். பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் ஸ்டாப்வாட்சாகவும் ஓடுமே, அந்த வகை. இரண்டு வருடம் தேடிய ஒன்று அன்று காலைதான் கூரியரில் வந்திருந்தது. என்னைவிட வயதில் மூத்தது. தினமும் சாவி கொடுக்க வேண்டும். குற்றாலத்தில் இருக்கும் நண்பருக்கும் இதே கிறுக்கு. அவரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று மனைவியையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனேன்.

திரும்பும் வழியில், செருப்பில் ஒட்டிய சேற்றைக் கழுவ அவள் ஓடையில் இறங்கினாள். மலையில் நல்ல மழை போல. தண்ணீர் கலங்கலாக இழுத்துக்கொண்டு ஓடியது. பாசியில் கால் வழுக்கிவிட்டது. விழுந்தவள் ஒரு கையால் பாறை விளிம்பைப் பற்றிக்கொண்டு, மறு கையை என்னை நோக்கி நீட்டினாள். இரண்டு எட்டுத் தூரம்தான்.

என் கை என் மணிக்கட்டுக்குப் போனது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் துருப்பிடித்துவிடுமே! வாரைக் கழற்றினேன். அதோடும் நிற்கவில்லை. அதை வைக்க ஈரமில்லாத கல் எங்காவது இருக்கிறதா என்று தேடினேன்.

சற்றுத் தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, அலசிய சேலையை அப்படியே வீசினார்.

"ஏட்டி, விட்டுராத! இதப் பிடிச்சுக்கோ!"

பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, அங்கன என்னத்தத் தேடுதீய? வந்து இழுங்க!" என்று கத்தினார்.

அப்புறம்தான் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். இருவரும் சேர்ந்து இழுத்துக் கரையேற்றினோம். அவளுக்கு முழங்காலில் நாலு தையலோடு போயிற்று. நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நொடியை ஐந்தாகப் பிரித்துக் காட்டும் கடிகாரம் என் சட்டைப் பையில் ஓடிக்கொண்டிருந்தது.

வீடு வரும்வரை அவள் என் தோளைத் தொடவில்லை. பைக்கின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நாலு நாள் கழித்து, அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது மெதுவாகப் பேச்செடுத்தேன். "அந்த வாட்ச்ச வித்துருதேன்."

அவள் நிமிராமலே சொன்னாள்: "நான் கைய நீட்டுனேன். நீங்க கல்லுல்லா தேடுனீய. வித்துட்டா, நான் பாத்தது இல்லன்னு ஆயிருமா?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நன்றாகத்தான் இருக்கிறோம், என்னை மன்னித்துவிட்டாள் என்றே நம்புகிறேன். ஆனால் ஓர் அவசரத்தில் என் கை முதலில் எங்கே போகும் என்பது இப்போது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டும் அவள் என்னோடு வாழ்கிறாள் என்பதை நினைக்காமல் ஒரு நாளும் என்னால் கடை திறக்க முடிந்ததில்லை.