கடைசி வீட்டுக் குழாய்

எங்க சந்துல கடைசி வீடு ஹாஜராவோடது. அதுக்கு முந்தின வீடு எங்களோடது. மட்டாஞ்சேரியில எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணிதான், ஒரு வாய் குடிக்க லாயக்கில்ல. காயல் உப்பு கிணத்துக்குள்ள ஏறி வருஷக்கணக்காச்சு. இருந்த குளத்தையெல்லாம் மூடி கட்டடம் எழுப்பியாச்சு. மிச்சம் இருக்கறது பைப்புத் தண்ணி ஒண்ணுதான். கோடையில அதுவும் விடியக்காலம் கொஞ்ச நேரம் தலையக் காட்டிட்டுப் போயிடும். அதையும் சந்து முன்னாடி இருக்கற வீட்டுக்காரங்க விடமாட்டாங்க. தெருப் பைப்புல நேரா மோட்டார மாட்டி உறிஞ்சுவாங்க. கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், யாரு கேக்கறா? நாங்க லாரித் தண்ணிய வச்சு ஓட்டினோம். ஹாஜரா குழாயத் திறந்தா புஸ்ஸுனு காத்து வரும்.

அவ புருஷன் பரீத் பஜார்ல சாக்குக் கடை வச்சிருக்கார். ராவுத்தர் குடும்பம். வீட்டுக்குள்ள தமிழ், வாசல் தாண்டினா மலையாளம், எங்களப் போலத்தான். கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து அவ குடமும் கையுமாத்தான் அலைஞ்சா. ஒரு தோள் இறங்கிப்போச்சு. லாரிக்காரன் எங்க சந்த விட்டுட்டுப் போகப் பாத்தான்னு ஒரு தடவ நடுரோட்டுல போய் நின்னுட்டா. ஹாரன் அடிச்சு அடிச்சு அவனுக்குத்தான் கை ஓய்ஞ்சுது. அப்படி ஒரு வீம்புக்காரி.

மக நௌரினுக்கு மாப்பிள்ளை பாக்க இடப்பள்ளி ஃபிளாட்டுக்குப் போனப்ப என்னையும் கூட்டிட்டுப் போனா. எல்லாரும் சோபாவுல உக்காந்து சாயா குடிக்கறோம், இவளக் காணோம். பாத்ரூமுக்குள்ள போய் ஒவ்வொரு குழாயா திறந்து பாத்துட்டு நிக்கறா. மாப்பிள்ளை அப்ஸல அதுக்கப்புறம்தான் பாத்தா. அங்கேயே தலையாட்டிட்டா. எனக்குச் சிரிப்பு தாங்கல.

கல்யாணம் முடிஞ்சு, நௌரின் வயித்துல பிள்ளைக்கு ஏழாம் மாசம் ஆச்சு. அழைச்சிட்டு வரப் போனப்ப சம்பந்தியம்மா தன்மையாத்தான் சொன்னாங்களாம், பிரசவம் வரைக்கும் இங்கயே இருக்கட்டும், உங்க பக்கம் தண்ணிக்குக் கஷ்டமில்லியான்னு. நல்ல மனசோட சொன்ன பேச்சு. ஹாஜராவுக்கு அது சுருக்குனு தச்சிடுச்சு. தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வராத பொண்ணு எங்க குடும்பத்துல உண்டான்னு கேட்டு, கையோட கூட்டிட்டு வந்துட்டா. வந்த சூட்டுல அவளும் ஒரு மோட்டார் வாங்கி மாட்டினா. நல்லா பெரிசா.

தண்ணி கொட்டுச்சு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினா. அவ முகத்துல அப்படி ஒரு சந்தோஷத்த நான் அதுக்கு முன்னாடி பாத்ததில்ல. நௌரின் ஆசை தீரக் குளிச்சா. குடிக்கறதக் காய்ச்சித்தான் குடுத்தாங்க, அதுல குறையில்ல. ஆனா பழம் கழுவறதும், வெயிலுக்கு எலுமிச்சைச் சாறு கலக்கறதும் பச்சத் தண்ணியில. யாருக்குத் தோணும்?

ஒம்பதாம் மாசம் பிறக்கறதுக்குள்ள பொண்ணுக்கு வாந்தி. மசக்கை மிச்சம்னு நெனச்சோம். அப்புறம் கண்ணு மஞ்சளாச்சு. ஆஸ்பத்திரியில மஞ்சள் காமாலைன்னாங்க. வயித்துல பிள்ளையோட இருக்கறவங்களுக்கு இது வந்தா உயிருக்கே ஆபத்து, ரெண்டு உயிருக்கும் எங்களால உறுதி சொல்ல முடியாதுன்னு டாக்டர் முகத்துக்கு நேரா சொல்லிட்டார்.

சுகாதார ஊழியர் ஸுப்ரியா வந்து தண்ணிய எடுத்துட்டுப் போய் சோதிச்சா. சந்துல எல்லாரையும் கூட்டி வச்சு சொன்னா. பைப்பு அந்தக் காலத்துது, சாக்கடைக்குள்ளயே போகுது, அங்கங்க விரிசல். சும்மா இருந்தா உள்ள இருக்கற தண்ணி வெளிய கசியும், அவ்வளவுதான். மோட்டார் போட்டு இழுத்தா சாக்கடைத் தண்ணியெல்லாம் பைப்புக்குள்ள வந்துடும். கடைசியில இருந்து பலமா இழுக்கறவங்க வீட்டுக்குத்தான் அதிகமா போகும். எல்லாரும் ஒரே நாள்ல மோட்டார கழட்டுங்க, அப்புறம் பைப்ப மாத்தச் சொல்லி சேந்து போய் கேக்கலாம், நான் கூட வர்றேன்னா.

எல்லாரும் தலையாட்டினாங்க. ஒருத்தரும் கழட்டல. முதல் வீட்டு அனில் சேட்டன், மத்தவங்க கழட்டட்டும் நான் கழட்டறேன்னார். மத்தவங்க அவரப் பாத்தாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்ல. ஒரு பொண்ணு அங்க உயிருக்குப் போராடறா, இவங்க நீ முதல்ல கழட்டு அப்புறம் நான்னு நிக்கறாங்க. பரீத் மட்டும் வீட்டுக்குப் போய் தன் மோட்டார கழட்டி வாசல்ல வீசினார்.

நௌரின் பொழைச்சா. குழந்தை வயித்துலயே போச்சு. பொண்ணு.

குளிப்பாட்டி அடக்கணுமில்லியா. சின்ன வெள்ளத்துணியில சுத்தி வீட்டுக்குக் கொண்டாந்தாங்க. அக்கம்பக்கத்துல எல்லாரும் தண்ணியோட வந்து நின்னாங்க. அனில் சேட்டன் சம்சாரம் ஒரு வாளி நிறைய தூக்கிட்டு வந்தா. ஹாஜரா வாசல்லயே மறிச்சா.

"வேண்டாம். இந்தச் சந்துத் தண்ணி அவ மேல படக்கூடாது."

சத்தம் போடாமத்தான் சொன்னா. அந்தம்மா வாளிய வாசல்லயே இறக்கி வச்சா. அப்பத்தான் அப்ஸலும் அவங்கம்மாவும் கார்லேர்ந்து இறங்கினாங்க. டிக்கியில ரெண்டு கேன், இடப்பள்ளித் தண்ணி. அன்னிக்கே நான் சொன்னேனேன்னு சம்பந்தியம்மா குத்திக் காட்டல. கேன உள்ள தூக்கிட்டுப் போய் ஹாஜரா பக்கத்துல உக்காந்தாங்க. ரெண்டு பேரும் சேந்துதான் குளிப்பாட்டினாங்க. எவ்வளவு தண்ணி வேணும் அந்த உடம்புக்கு, ஒரு சொம்பு போதும். என்னால அதப் பாக்க முடியல.

அடக்கம் முடிஞ்சு ஆம்பளைங்க திரும்பினதும் அனில் சேட்டன் ஸ்பேனர எடுத்தார். முதல்ல தன் வீட்டு மோட்டார கழட்டினார். சாயங்காலத்துக்குள்ள சந்துல ஒரு மோட்டார் மிச்சமில்ல.

மறுநாள் விடியக்காலம் ஹாஜரா வீட்டுல தண்ணி விழற சத்தம் கேட்டுது. ஓடினேன். குழாய யாரோ எப்பவோ திறந்து விட்டிருக்காங்க. மெலிசா, விடாம வந்துட்டிருக்கு. ஹாஜரா எதிர்ல உக்காந்து பாத்துட்டிருக்கா. குடம் வைக்கல.

"மோட்டார் இல்லாமலே வருதே, கமலாக்ஷி," ன்னா. "எல்லாரும் அன்னிக்கே கழட்டியிருந்தா, அப்பவும் இங்க வரைக்கும் வந்திருக்குமா?"

வந்திருக்கும்னு எப்படி நான் சொல்வேன். அவ பக்கத்துல உக்காந்து அழுதேன்.