வீதம் கேட்ட அழகுமுத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் ட்ரையர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை தொங்குகிறது. அன்றைக்கு எத்தனை கிலோ பச்சைக் கொழுந்து வந்தது, எத்தனை கிலோ தூள் இறங்கியது, நூற்றுக்கு எத்தனை என்ற வீதம் எவ்வளவு என்று அதில் எழுதுவார்கள். வீதம் இருபத்திரண்டுக்குக் கீழே போனால் தோட்டத்தை நடத்தும் துரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அந்தப் பலகைக்குக் கீழே பத்தொன்பது வருடமாக நின்று வேலை செய்கிறவர் அழகுமுத்து. அதனாலோ என்னவோ, எதைக் கண்டாலும் அவருக்கு முதலில் வீதம் கேட்கத்தான் தோன்றும். மனைவி பூரணிக்குக் கண்ணில் ஆபரேஷன் என்றபோது, "இதுல சொகமாகுற வீதம் எத்தனங்க?" என்று டொக்டரிடமே கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் 'வீதம் அழகுமுத்து' என்றால்தான் ஆளைத் தெரியும்.

நான் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். தனுஜா டீச்சர் என்பார்கள். அழகுமுத்துவின் ஒரே மகள் சுலக்ஷனா ஒன்பதாம் ஆண்டு வரை என் வகுப்பில்தான் இருந்தாள். நான் பலகையில் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, மற்றப் பிள்ளைகளிடம் முறைப்பு வாங்குவாள். அந்த மாதிரி ஒரு பிள்ளை பத்து வருடத்துக்கு ஒன்று வந்தாலே எங்கள் பாடசாலைக்குப் பெரிய காரியம். அவளை என் பிள்ளை என்றே நினைத்திருந்தேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

ஒன்பதாம் ஆண்டு முடிந்த டிசம்பரில், நன்றாக அயர்ன் பண்ணிய சட்டையோடு அழகுமுத்து பாடசாலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க டீச்சர். பதினோராம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சையில நம்ம ஸ்கூல் சித்தி வீதம் எத்தனங்க?"

"நூத்துக்கு நாப்பத்தொண்ணு பாஸ்," என்றேன்.

"நாவலப்பிட்டியில அந்தப் பெரிய ஸ்கூல்ல தொண்ணூத்தாறாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அங்க அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில வெட்டுப்புள்ளிக்கு மேல எடுத்த புள்ளைங்கள பொறுக்கி எடுக்கிறாங்க. நாங்க வாற புள்ள எல்லாத்தையும் எடுக்கிறோம். நல்ல கொழுந்தா பாத்துப் போட்டுட்டு, மெஷின் நல்ல மெஷினுன்னு சொல்றது நியாயமாங்க?"

"நீங்க சொல்றது நியாயந்தான் டீச்சர். ஆனா எம்புள்ளயும் நல்ல கொழுந்துதானுங்களே. நல்ல மெஷின்லயே போயி விழட்டுமே."

மேசையிலிருந்த புள்ளிப் பதிவேட்டை இழுத்து மூடினேன்.

கினிகத்தேனையைத் தாண்டி மலை இறங்கினால் நாவலப்பிட்டி. அது கண்டி மாவட்டம்; எங்கள் தோட்டம் நுவரெலியா மாவட்டம். அந்தப் பாடசாலையில் இடம் கிடைக்க வேண்டுமானால் அங்கே குடியிருக்கிறோம் என்று காட்ட வேண்டும். காட்டுவதற்கு, அண்ணன் முறைக்கு நாங்கள் நானா என்று கூப்பிடும் மக்பூல் இருந்தார். ஒரு காலத்தில் சம்பள நாளில் புடவை மூட்டையைச் சுமந்துகொண்டு எங்கள் லயத்துக்கு வந்தவர், இப்போது நாவலப்பிட்டியில் சொந்தக் கடை வைத்திருக்கிறார். காய்ச்சலில் விழுந்து மூன்று நாள் அழகுமுத்து வீட்டில் படுத்துக் கிடந்ததை அவர் மறக்கவில்லை. "எங்கட ஊட்டு மேல் அறை சும்மாதானே கெடக்கு. உங்கட மூணு பேரையும் எங்கட விலாசத்தில போடுவம். புள்ள இங்கயே இருந்து படிக்கட்டும்," என்று சொல்லி, வீட்டுக்காரர் என்ற முறையில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அப்படித்தான் அழகுமுத்து தோட்டத்து வாக்காளர் பட்டியலான இடாப்பிலிருந்து தன் பெயரை எடுத்து, நாவலப்பிட்டியில் பதிந்துகொண்டார். அவருடைய அப்பா மூக்கன், மலையகத்து மற்றவர்களைப் போலவே பிறந்த நாட்டில் பிரஜாவுரிமை இல்லாமல் பாதி ஆயுளைக் கழித்தவர். ஐம்பத்து மூன்று வயதில் முதல்முறை இடாப்பில் பெயர் வந்தபோது, அந்த லயம் முழுக்க லட்டு கொடுத்தாராம். அந்தப் பெயருக்குக் கீழே வந்த தன் பெயரை மகன் தானாகவே போய் நீக்கிக்கொண்டார். பிள்ளைக்காகத்தானே என்று லயத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் நான் சொல்லியிருக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை எடுக்கும்போது பெரும்பாலான இடங்களை மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நுவரெலியாவுக்கு வெட்டுப்புள்ளி குறைவு, கண்டிக்குக் கூடுதல். எந்த மாவட்டத்துப் பிள்ளை என்று பார்க்கும்போது இந்த இடாப்பைத்தான் கேட்பார்கள். இதெல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நாற்பத்தொன்று தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. வீதம்தானே பெரிது, போய் அனுபவிக்கட்டும் என்று மனதுக்குள் கறுவினேன். அவளுடைய விலகல் பத்திரத்தை நிரப்பி, பாடசாலை அதிபரின் கையெழுத்துக்கு அனுப்பிவிட்டேன்.

சுலக்ஷனா நான்கு வருடம் மக்பூல் நானா வீட்டில் இருந்து படித்தாள். நானாவின் மனைவி முனீரா அவளுக்கென்று தனிச் சட்டியில் மரக்கறி சமைத்துப் போட்டதாகப் பூரணி சொல்லிச் சொல்லிக் கண் கலங்குவாள். சாதாரண தரத்தில் எட்டு ஏ. அன்றைக்கு அழகுமுத்து ஃபெக்டரிப் பலகையின் மூலையில் 'சுலக்ஷனா 8A' என்று எழுதி, துரையிடம் ஏச்சு வாங்கினார். என்னைக் கண்ட இடத்தில் கும்பிட்டார். எனக்கு அந்தக் கும்பிடு பிடிக்கவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்தரப் பரீட்சையில் அவள் கணிதப் பிரிவு. சின்ன வயதிலிருந்து எஞ்சினியர் என்பதைத் தவிர வேறு பேச்சு அவளிடம் கிடையாது. ஒரு ஏ, இரண்டு பி எடுத்தாள். அதே வருடம் எங்கள் பாடசாலையில் ஒன்பது பிள்ளைகளோடு நடந்த கணிதப் பிரிவில், கொழுந்தெடுக்கும் அழகம்மாவின் மகன் லோஜன் மூன்று பி எடுத்தான். தெரிவுக்குக் கணக்கிடும் இசட் புள்ளி அவளுடையதை விடக் குறைவு. வெட்டுப்புள்ளி வந்தபோது லோஜன் நுவரெலியா மாவட்டத்தில் பொறியியல் பீடத்துக்குத் தெரிவானான். சுலக்ஷனா கண்டி மாவட்டம் என்பதால் மயிரிழையில் வெளியே நின்றாள். ஒரே லயத்துப் பிள்ளைகள், ஒரே பரீட்சை. அதிகம் எடுத்தவள் வீட்டில், குறைய எடுத்தவன் கெம்பஸில்.

அழகுமுத்து ஓடாத இடமில்லை. மேன்முறையீடு செய்யலாம், உண்மையில் தோட்டத்தில்தான் குடியிருந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவாருங்கள் என்றார்கள். அத்தாட்சிக்கா பஞ்சம்? அந்த நான்கு வருடமும் மாதம் இருபத்தைந்து நாள் அவர் வேலைக்கு வந்ததாகப் பேர் விழுந்த செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு ஃபெக்டரியில் இருக்கிறது. ஆனால் அதைக் காட்டினால் நாவலப்பிட்டி விலாசம் பொய்யாகிவிடும். அந்தப் பொய்க்குக் கையெழுத்துப் போட்டவர் மக்பூல் நானா.

நானா தயங்கவில்லையாம். "எழுதிக் குடுங்க அழகுமுத்து. வாறத நான் பாத்துக்கிறேன்," என்றாராம். பக்கத்தில் முனீரா சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாளாம். அழகுமுத்து வீட்டுக்கு வந்து, எழுதி வைத்திருந்த மேன்முறையீட்டுக் கடிதத்தை அடுப்பில் போட்டார்.

"நாலு வருசம் எம்புள்ளைக்குச் சோறு போட்ட வீடுங்க டீச்சர்," என்றார் என்னிடம். "அந்த மனுசன கோட்டு வாசல்ல நிக்க வச்சிட்டு இவ என்னத்தப் படிச்சி என்னங்க?"

சுலக்ஷனாவுக்கு அது நியாயமாகப் படவில்லை. படத்தான் வேண்டுமா? "ஒங்க ரெண்டு பேரு சிநேகிதத்துக்கு என்னைய ஏன்ப்பா காவு குடுத்தீங்க?" என்று கேட்டவள், மூன்று வாரம் அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அட்டனில் ஒரு பார்மசியில் நிற்கிறாள். வேலை முடிந்து வந்து மறுபடியும் பரீட்சைக்குப் படிக்கிறாள். இந்த முறையும் அவள் கண்டி மாவட்டம்தான்.

போன மாதம் லோஜனுக்காகப் பாடசாலை வாசலில் பேனர் கட்ட முடிவு செய்தோம். எங்கள் பாடசாலையிலிருந்து முதல் பொறியியல் மாணவன். அதிபருக்குக் கால் தரையில் இல்லை. கட்டுவதற்கு உயரமான ஆள் வேண்டும் என்று ஃபெக்டரிக்குச் சொல்லி அனுப்பினார். அழகுமுத்து வந்தார். அவர் ஏணியைச் சாத்தி ஏறி, லோஜனின் சிரித்த முகத்தைச் சுருக்கம் விழாமல் இழுத்துக் கட்டினார். மேலே நின்றபடியே, திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"டீச்சர், இந்த மாவட்ட விசயம் ஒங்களுக்கு அப்பவே தெரியுமாங்க?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மனிதருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியும்," என்றேன்.

அவர் முடிச்சை இன்னொரு முறை இழுத்து இறுக்கினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"நா அத எங்க டீச்சர் கேட்டேன்," என்றார். "வீதத்த மட்டுந்தான கேட்டேன்."

இறங்கி வந்து, பாதையின் அந்தப் பக்கம் போய் நின்று பேனரைப் பார்த்தார். இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. மறுபடியும் ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.