முன்னால் நிற்கும் ஒன்று

ஹூப்ளியில் வோல்ட் அளக்கும் எந்த மீட்டரின் திரை மங்கினாலும் நீலக்காவிடம் கொண்டு போ என்பார்கள். நீலாம்பிகா ஹிரேமட் என்ற முழுப்பெயரைக் கடையின் மின்கட்டண ரசீதில் மட்டுமே பார்க்கலாம். மீட்டர் கம்பெனியில் பதினாலு வருஷம் கண்ணாடி பொருத்தியவள். கம்பெனி புனேவுக்குக் கிளம்பியபோது, "நீங்க போங்க, நான் வரல" என்று சொல்லிவிட்டு துர்கத பைல் சந்தில் ஒற்றைக் கதவுக் கடை போட்டாள்.

வெயிலில் பழுத்துப்போன மேல்தாளை பிளேடால் உரித்துப் புதுத்தாள் ஒட்டுவாள். பலகைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மின்சாரம் கடத்தும் வரிவரியான ரப்பர் பட்டையை ஸ்பிரிட்டில் துடைப்பாள். கடைசியாக, பவர் சப்ளையைத் திருகி 18.88 வைப்பாள். அது பளிச்சென்று தெரியாமல் எந்த மீட்டரும் கடைப்படி இறங்காது. "எட்டுல எல்லாக் கோடும் வந்துரும். முன்னாடி நிக்கிற ஒண்ணு மட்டும் தனி ஆளு. அதைத் தனியா விசாரிக்கணும்" என்பாள்.

அந்த வருஷம் மகாநவமிக்கு முந்தின சாயங்காலம் ஈரண்ணாவின் மீட்டர் மேசையில் இருந்தது. யூ.பி.எஸ். பேட்டரி பார்க்கிற ஆள் அவன். நீலக்கா தாளை மாற்றினாள், பட்டையைத் துடைத்தாள், மூடினாள். ஒன்பது வோல்ட் பேட்டரியில் வைத்துப் பார்த்தாள். 9.04. மை போட்டதுபோல் எழுத்து. 18.88-ஐ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மேசையில் இருந்ததையெல்லாம் அப்படியே பூஜைக்கு ஒதுக்கினாள். பவர் சப்ளையின் மேல் சாமந்தி மாலை ஏறியது. மீட்டருக்கும் குங்குமம் வைத்தாள்.

விஜயதசமி காலையில் ஈரண்ணா வாசலில் நின்றான்.

"அக்கா, மீட்டர் குடு. சொசைட்டி ஆபீஸ் இன்னைக்குத்தான் லீவு. பேட்டரியக் கழட்ட இதை விட்டா நாளில்ல."

"இரு, ஒரு தடவ சப்ளைல வெச்சுப் பாத்துடறேன்" என்று எழுந்தவள் மாலையைப் பார்த்து நின்றாள். பத்தரைக்கு மேல்தான் பூஜையைக் கலைக்க வேண்டும். அதுவரை எந்தச் சுவிட்சையும் தொடுவதில்லை.

"உன் கை பட்டதுக்கு மேல என்ன பரீட்சை? இங்க பாரு, எப்படி மின்னுது!" என்று பூஜையில் இருந்த மீட்டரைத் தானே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

பத்தரைக்குப் பூவை அள்ளினாள். மாலைக்கு அடியில், சாமந்தி இதழ்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ கிடந்தது. எறும்பு என்று ஊதினாள், நகரவில்லை. நகத்தால் எடுத்தாள். ரப்பர்.

ஈரண்ணா மீட்டரின் பட்டையை முன்பு யாரோ வெட்டி ஒட்டுப்போட்டிருந்தார்கள். துடைத்த இடது ஓரத்துச் சின்னத் துண்டைப் பவர் சப்ளை மேல் காயவைத்துவிட்டு, திரும்பப் பொருத்தாமல் மூடியவள் அவளேதான். இடது ஓரம் என்றால் முன்னால் நிற்கும் ஒன்று. சொசைட்டியில் எட்டு பேட்டரி, ஒவ்வொன்றும் பன்னிரண்டரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் 100.8. முன்னால் நிற்கும் அந்த ஒன்று தெரியாவிட்டால் திரையில் 00.8. உயிருள்ள கம்பியைச் செத்தது என்று சொல்லும், அவள் கை பட்ட மீட்டர்.

போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் அதே குரல். பேட்டரி அறை தரைக்குக் கீழே இருப்பது அவளுக்குத் தெரியும்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தாள். தெருமுனையெல்லாம் நேற்று உடைத்த பூசணிக்காய். கேஷ்வாபூர் திருப்பத்தில் சக்கரம் அதில் சறுக்க, விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு எழுந்தாள். வாழைக்கன்று கட்டிய டிராக்டர் ஒன்று வழியை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. "நகருங்கப்பா! ஆள் சாகப்போறான்!" என்று கத்தினாள். டிரைவர் பயந்து ஒதுங்கினான். ஈரண்ணாவின் பெண்டாட்டி, குழந்தைகள், இந்த விரல், இந்தத் துண்டு ரப்பர் என்று மனம் அலைந்தது. செய்யாத ஒரு நிமிஷச் சோதனைக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பேட்டரி அறை வாசலில் ஈரண்ணாவின் செருப்பு கிடந்தது. உள்ளே தரை ஈரம். ஈரண்ணா வெறுங்காலோடு யூ.பி.எஸ். முன்னால் குந்தியிருந்தான், கையில் ஸ்பானர்.

"தொடாதே! கைய எடு!"

அவன் திடுக்கிட்டுத் திரும்பிச் சிரித்தான். "என்னக்கா, ஊரையே கூட்டற? பிரேக்கரை இறக்கிட்டேன். மீட்டரும் பாத்தாச்சு. பூஜ்யம் பூஜ்யம் புள்ளி எட்டு. செத்துப்போச்சு."

"சாகல. எந்திரி. எந்திரிச்சு இந்தப் பக்கம் வா."

அவள் முகத்தைப் பார்த்து எழுந்துவிட்டான். அவன் பையில் கிடந்த டெஸ்ட் பல்பை எடுத்து, இரண்டு முனையிலும் வைத்தாள். பல்பு மங்கலாக, செம்மஞ்சளாக எரிந்தது. இறக்கிய பிரேக்கர் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை விட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் அது தெரியவில்லை. அதைச் சொல்ல வேண்டிய மீட்டருக்கும் ஒன்று இல்லை.

ஈரண்ணா பல்பையே பார்த்தான். ஸ்பானர் தானாகக் கீழே விழுந்தது.

"செருப்ப ஏண்டா கழட்டின?"

"பூஜை போட்ட மீட்டர்க்கா. குங்குமம் இருக்கு. செருப்போட எப்படித் தொடறது?"

அவள் முந்தானையால் மீட்டரின் குங்குமத்தைத் துடைத்தாள். "என் தப்பு ஈரண்ணா. சோதிக்காமக் குடுத்துட்டேன்" என்றாள். அழுகை வந்தது, அடக்கவில்லை.

அவன் சட்டைப் பையைத் தடவி, அந்த ஊரில் பன்னி என்று சொல்லும் வன்னி இலை இரண்டை எடுத்தான். விஜயதசமிச் சாயங்காலம் பொன் என்று எல்லோருக்கும் கொடுக்க வைத்திருந்தது. "பன்னி வாங்கி..." என்று ஆரம்பித்தவனுக்கு, பொன்னாக இருப்போம் என்ற வாழ்த்தின் மிச்சம் வாயில் வரவில்லை.

நீலக்கா இலையை வாங்கவில்லை. வாசலுக்குப் போய் அவன் செருப்பைக் கையால் எடுத்து வந்து அவன் காலடியில் வைத்தாள்.

"மொதல்ல இதப் போடு" என்றாள்.